குறிப்புச் செயலிக்குக் காசு கொடுக்கலாமா? திரும்ப எடுத்த கணக்கைப் பாருங்கள்

2023 டிசம்பரில் எவர்நோட் என்ற குறிப்புச் செயலி தன் இலவசக் கணக்குகளை 50 குறிப்புகள், ஒரே ஒரு நோட்டுப்புத்தகம் என்று சுருக்கியது. அதற்கு முன்பே ஆயிரக்கணக்கில் சேர்த்து வைத்திருந்தவர்கள் பழையதைப் பார்க்கலாம், திருத்தலாம், வெளியே எடுத்துக்கொள்ளலாம். புதிதாக ஒரு குறிப்பு எழுத வேண்டுமென்றால் சந்தா கட்டியாக வேண்டும். வருடக்கணக்கில் எழுதிக் குவித்த பிறகு, 'இந்த விலைக்கு இது தகுமா' என்று அன்றைக்கு உட்கார்ந்து யோசிப்பது கடினம். பல பேர் கணக்குப் பார்த்துப் பணம் கட்டுவதில்லை; இடம் மாற்றும் தொல்லைக்குப் பயந்து கட்டுகிறார்கள்.

அதனால் இந்தக் கணக்கை நுழையும்போதே போட்டுவிட வேண்டும். விலைப் பக்கத்தில் டிக் டிக்காகப் போட்டு நீளும் அம்சப் பட்டியல் அதற்கு உதவாது. குறிப்பு எழுதுவது எல்லாச் செயலியிலும் எளிது, இலவசச் செயலியிலும் எளிது. எழுதியது வேண்டிய நேரத்தில் கைக்கு வருகிறதா, மொத்தமாக வெளியே எடுக்கும்போது சிதையாமல் வருகிறதா என்ற இரண்டு இடங்களில்தான் செயலிக்குச் செயலி வித்தியாசம் பெரிதாகத் தெரியும். இரண்டுமே எடுப்பதைப் பற்றியவை. கொடுக்கும் காசு அதற்கு ஈடாக வேண்டும்.

காசு எதற்குப் போகிறது

'அதிக சேமிப்பிடம்' என்று விளம்பரம் வரும். வெறும் எழுத்துக்கு எவ்வளவு இடம் பிடிக்கும் என்று பார்ப்போம். கணினியில் எழுத்தைச் சேமிக்கும் யுடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீட்டுக்கும் 3 பைட். 'கி' என்ற ஓர் எழுத்துக்கே 'க' ஒன்று, கொக்கி ஒன்று என இரண்டு குறியீடுகள், ஆக 6 பைட். ஒரு சொல்லுக்கு 9 குறியீடு என்று வைத்தால், இடைவெளியும் சேர்த்து 28 பைட். 300 சொல் கொண்ட குறிப்பு 8,400 பைட். அப்படி 5,000 குறிப்புகள் எழுதினாலும் மொத்தம் 42 எம்பிதான். ஃபோனில் எடுத்த படம் ஒன்று 3 எம்பி என்றால், வெறும் 14 படங்களின் இடம். ஆகவே எழுத்து மட்டும் சேர்ப்பவர் சேமிப்பிடத்துக்காகக் காசு கொடுக்க ஒரு காரணமும் இல்லை.

படமும் ஸ்கேனும் பிடிஎஃபும் சேர்ப்பவருக்குக் கதை வேறு. அவர் பார்க்க வேண்டியது மொத்த இடத்தைவிட, ஒரு கோப்புக்கு எவ்வளவு வரை அனுமதி என்பது. நோஷன் செயலியின் இலவசக் கணக்கில் ஒரு கோப்பு 5 எம்பியைத் தாண்டக் கூடாது. அப்சிடியன் செயலியின் சிங்க் சேவையில் (குறிப்புகளை எல்லாக் கருவியிலும் ஒன்றாக வைப்பது) குறைந்த விலைத் திட்டத்திலும் மொத்தம் 1 ஜிபி இருந்தாலும் ஒரு கோப்புக்கு அதே 5 எம்பிதான். 40 பக்கம் வண்ணத்தில் ஸ்கேன் செய்த ஒரு பத்திரம் இந்த வரம்பை எளிதில் தாண்டிவிடும். உங்களிடம் இருக்கும் கோப்புகளில் பெரிய பத்தை எடுத்து ஏற்றிப் பாருங்கள், அரை மணியில் விடை தெரிந்துவிடும்.

பல செயலிகளில் சந்தா கட்டுவது உண்மையில் சிங்க்குக்காகத்தான். ஃபோனில் எழுதியது கணினியில் தெரிவது பார்க்க எளிதாக இருக்கும். நெட் இல்லாத நேரத்தில் இரண்டு கருவியிலும் ஒரே குறிப்பைத் திருத்தினால்தான் செயலியின் தரம் வெளிப்படும். இதைச் சோதிக்கப் பத்து நிமிடம் போதும். ஐந்து வரியில் ஒரு குறிப்பு எழுதி இரண்டு கருவியிலும் வரும்வரை காத்திருங்கள். இரண்டிலும் நெட்டைத் துண்டியுங்கள். ஃபோனில் இரண்டாம் வரியை மாற்றுங்கள். கணினியில் நான்காம் வரியை மாற்றுங்கள். பிறகு மூன்றாம் வரியை இரண்டிலும் வெவ்வேறு விதமாக மாற்றுங்கள். முதலில் ஃபோனுக்கு நெட் கொடுத்து, ஒரு நிமிடம் கழித்துக் கணினிக்குக் கொடுங்கள்.

மூன்றில் ஒன்று நடக்கும். சில செயலிகள் இரண்டு பிரதியையும் ஒப்பிட்டு இரண்டு மாற்றத்தையும் ஒன்றாகச் சேர்க்கும். அப்சிடியன் சிங்க், மார்க்டவுன் என்ற எளிய எழுத்துக் கோப்புகளை வழக்கமாக இப்படித்தான் இணைக்கிறது. மூன்றாம் வரி கொஞ்சம் குழம்பிக் கிடக்கலாம், ஆனால் பெரும்பாலும் எதுவும் தொலையாது. ஜாப்ளின் போன்றவை, மோதல் வந்த பிரதியைத் தனியே ஒரு நோட்டுப்புத்தகத்தில் எடுத்து வைத்துவிட்டு முடிவை உங்களிடம் விடும். சற்று வேலை வைத்தாலும் நேர்மையான வழி. மூன்றாவது வகை, கடைசியாக வந்ததை வைத்துக்கொண்டு முன்னதைப் பேசாமல் அழித்துவிடும். அது இலவசமாகவே கிடைத்தாலும் வேண்டாம். தொலைந்தது என்றைக்குத் தெரியும் என்றால், அந்த வரி தேவைப்படும் அன்றைக்குத்தான்.

சிங்க் இருக்கிறதே, தனியாக பேக்கப் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. ஒரு கருவியில் தவறுதலாக அழித்தால் அந்த அழிப்பும் மற்றக் கருவிகளுக்கு சிங்க் ஆகும். ஆகவே பழைய பதிப்புகள் எத்தனை நாள் வரை கிடைக்கும் என்று பார்க்க வேண்டும். நோஷனின் இலவசக் கணக்கில் 7 நாள். மாதம் ஒருமுறை திறக்கும் குறிப்பில் நடந்த தவறு 7 நாளுக்குள் கண்ணில் படாது. காசு கொடுக்க இது நியாயமான காரணம். ஆனால் வாரம் ஒருமுறை எக்ஸ்போர்ட் (குறிப்புகளைக் கோப்புகளாக மொத்தமாக வெளியே எடுப்பது) எடுத்து, தேதி போட்ட ஃபோல்டரில் வைத்துக்கொள்பவருக்கு அந்தத் தேவையும் பாதி தீர்ந்துவிடும்.

தமிழில் தேடிப் பாருங்கள்

தமிழில் குறிப்பெழுதுபவர்களுக்கு எல்லாவற்றையும்விட முக்கியமான சோதனை இது. விமர்சனக் காணொளிகளில் இதைப் பெரும்பாலும் செய்து காட்டுவதில்லை என்பதால் கொஞ்சம் விரிவாகவே பார்ப்போம்.

ஒரு குறிப்பில் 'கால்' என்று மட்டும் எழுதுங்கள். இன்னொன்றில் 'கோல்' என்று எழுதுங்கள். பிறகு 'கால்' என்று தேடுங்கள். இரண்டு குறிப்பும் வந்து நின்றால், அந்தச் செயலியின் தேடலுக்குத் தமிழ் தெரியாது என்று அர்த்தம். காரணம் இதுதான்: யூனிகோடில் 'கால்' என்பது க, துணைக்கால், ல, புள்ளி என்ற நான்கு குறியீடுகள். இவற்றில் க, ல இரண்டும் 'எழுத்து' வகை. துணைக்காலும் புள்ளியும் 'குறி' வகை. தேடல் கருவி குறிப்புகளை முன்கூட்டியே சொல் சொல்லாக வெட்டி ஓர் அட்டவணை போட்டு வைக்கிறது. ஐரோப்பிய மொழிகளை மனதில் வைத்துச் செய்த வெட்டும் கருவி, எழுத்து வகையை மட்டும் சொல்லாக எடுத்துக்கொண்டு, குறியைக் காற்புள்ளி போல எண்ணி அங்கேயே வெட்டிவிடும். 'கால்' போய் 'க', 'ல' என்று இரண்டு துண்டு மிஞ்சும். 'கோல்' வெட்டப்பட்டாலும் அதே 'க', 'ல'. அட்டவணையைப் பொறுத்தவரை இரண்டும் ஒரே சொல்.

50 குறிப்புகள் இருக்கும்போது இந்தக் கோளாறு கண்ணுக்குத் தெரியாது. 3,000 ஆகும்போது எதைத் தேடினாலும் சம்பந்தமில்லாத குறிப்புகள் கூட்டமாக வந்து நிற்கும். அதற்குள் ஒரு வருடச் சந்தா கட்டியிருப்பீர்கள்.

அடுத்த சோதனை வேற்றுமை உருபு. 'மரம்' என்று தேடினால் 'மரத்தில்', 'மரத்தடி' வராது. 'வீடு' என்று தேடினால் 'வீட்டில்' வராது. இது செயலியின் குற்றம் இல்லை, மொழியின் இயல்பு. சொல்லின் நடுவிலும் தேடும் செயலி என்றால் 'மர' என்று தட்டிப் பிடித்துவிடலாம். 'வீடு' என்பதற்கு உகரத்தைக் கழித்து 'வீட' என்று தட்டினால் 'வீடு', 'வீட்டில்', 'வீட்டுக்கு' மூன்றும் வரும். வ, ஈகாரக் குறி, ட என்ற முதல் மூன்று குறியீடுகள் மூன்றுக்கும் பொது. இதே வழியில் 'ஆற' என்றால் 'ஆறு', 'ஆற்றில்' இரண்டும் கிடைக்கும். முழுச்சொல் பொருந்தினால் மட்டுமே காட்டும் செயலியில் இந்த வழி அடைபட்டுவிடும். அப்படிப்பட்ட செயலிக்குத் தமிழில் எழுதுபவர் காசு கொடுப்பது வீண்.

மூன்றாவதாக, கண்ணுக்கு ஒன்றாகவும் கணினிக்கு இரண்டாகவும் தெரியும் எழுத்துகள். 'கோ' என்பதை க, ஓகாரக் குறி என்று இரண்டு குறியீட்டில் எழுதலாம். க, ஏகாரக் குறி, துணைக்கால் என்று மூன்றிலும் எழுதலாம். 'கொ' வரிசையிலும் இதே நிலைமை. கீபோர்டில் தட்டும்போது ஒரு வகையில் பதியும். பிடிஎஃபிலிருந்தோ பழைய இணையப் பக்கத்திலிருந்தோ வெட்டி ஒட்டினால் இன்னொரு வகையில் வரலாம். இரண்டையும் ஒன்றாக்கிச் சேமிக்கும் செயலியில் சிக்கல் இல்லை. அப்படிச் செய்யாத செயலியில், கண் முன்னால் இருக்கும் சொல்லைத் தேடினாலும் 'முடிவு இல்லை' என்று வரும். ஒகர, ஓகார எழுத்துகள் நிறைந்த பத்தி ஒன்றைப் பிடிஎஃபிலிருந்து ஒட்டி, அதிலுள்ள மூன்று சொற்களைக் கையால் தட்டித் தேடிப் பாருங்கள். பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டிய குறிப்புகள் இருந்தால், அவற்றை முதலில் யூனிகோடுக்கு மாற்றுங்கள். இல்லையென்றால் எந்தச் செயலியாலும் அவற்றைத் தேடித் தர முடியாது.

படத்துக்குள் இருக்கும் எழுத்தையும் தேடித் தருவோம் என்பதற்காகவே பலர் உயர்ந்த திட்டத்துக்குப் போகிறார்கள். தெளிவாக அச்சிட்ட தமிழ்ப் பக்கம் ஒன்றைப் படமெடுத்து ஏற்றி, சில மணி நேரம் கழித்து அதிலுள்ள ஒரு சொல்லைத் தேடுங்கள். சர்வரில் வரிசையில் நின்று நடக்கும் வேலை என்பதால் உடனே வராவிட்டால் அவசரப்பட்டு முடிவு கட்ட வேண்டாம். மறுநாளும் வரவில்லை என்றால் அந்த அம்சம் உங்களுக்கு இல்லை என்றே எடுத்துக்கொள்ளலாம். ஏற்றிய படத்தின் கீழே நான்கு சொல் விளக்கம் தட்டி வைத்தால் இலவசச் செயலியிலேயே அந்தப் படம் தேடலில் அகப்படும்.

செயற்கை நுண்ணறிவு உதவியாளருக்கும் இதே அளவுகோல். உங்களுக்கு விடை தெரிந்த பத்துக் கேள்விகளை, உங்கள் குறிப்புகளில் விடை இருக்கும் கேள்விகளாகப் பார்த்து, தமிழிலேயே கேளுங்கள். எட்டுக்குக் கீழே சரியாகச் சொன்னால் அதற்காகக் கூடுதல் காசு வேண்டாம். விடையோடு எந்தக் குறிப்பிலிருந்து எடுத்தது என்று காட்டாவிட்டால் பத்துக்குப் பத்து சொன்னாலும் வேண்டாம். சரிபார்க்க வழியில்லாத விடையை வைத்து ஒன்றும் செய்ய முடியாது.

வெளியே வரும் வழி

குறிப்புச் சேவைகள் மூடப்படுவதும் உண்டு. கூகுள் நோட்புக் 2012இல் மூடப்பட்டது. கேட்ச் 2013இல் போனது. ஸ்பிரிங்பேட் 2014இல், ஏறத்தாழ ஒரு மாத அவகாசம் கொடுத்துவிட்டு மூடியது. 2024 பிப்ரவரியில் ஸ்கிஃப் நிறுவனத்தை நோஷன் வாங்கியது. ஆறு மாதத்தில் ஸ்கிஃப் சேவை நின்றது. இவற்றில் இலவசமும் உண்டு, பெரிய நிறுவனத்தின் பெயர் போட்டதும் உண்டு. காசு வாங்கும் நிறுவனம் நிலைத்திருக்கும் என்ற நம்பிக்கையில் பாதி உண்மை இருக்கிறது. மீதிப் பாதிக்கு எக்ஸ்போர்ட்தான் காப்பு.

பணம் கட்டும் முன்பு, சோதனைக் காலத்திலேயே பன்னிரண்டு குறிப்புகள் கொண்ட ஒரு நோட்டுப்புத்தகம் தயார் செய்யுங்கள். ஒன்றில் மூன்று பத்தி அட்டவணை, ஒன்றில் இரண்டு படங்கள், ஒன்றில் பிடிஎஃப், ஒன்றில் டிக் போடும் பட்டியல், ஒன்றில் வேறொரு குறிப்புக்கான இணைப்பு, ஒன்றில் மூன்று குறிச்சொற்கள், ஒன்று நோட்டுப்புத்தகத்துக்குள் உள் நோட்டுப்புத்தகத்தில், ஒன்று நீளமான தமிழ்த் தலைப்போடு. மீதி சாதாரணக் குறிப்புகள். குறைந்தது ஒரு குறிப்பாவது ஒரு வாரம் முன்பு எழுதியதாக இருக்கட்டும். பிறகு எல்லாவற்றையும் எக்ஸ்போர்ட் செய்து, அந்தச் செயலியே இல்லாத இன்னொரு கணினியில் திறந்து பாருங்கள்.

முதலில் தொலைவது தேதி. குறிப்பு எழுதிய நாள் போய், எக்ஸ்போர்ட் செய்த நாள் கோப்பின் தேதியாக உட்கார்ந்திருக்கும். மருந்து ஆரம்பித்த நாள், பொருள் வாங்கிய நாள் போன்றவற்றுக்குத் தேதிதான் பாதிக் குறிப்பு. எந்தச் செயலியாக இருந்தாலும் குறிப்பின் முதல் வரியில் 2025-03-14 என்ற வடிவில் தேதியைத் தட்டிவிடும் பழக்கம் இதற்கு நல்ல மருந்து. அதையே தலைப்பின் முதலிலும் போட்டால், வருடம் முன்னால் வருவதால் பெயர் வரிசையில் அடுக்கினாலே கால வரிசையும் வந்துவிடும்.

அடுத்தது குறிப்புகளுக்கு இடையிலான இணைப்பு. பல செயலிகளில் அது அந்தச் செயலிக்கு மட்டுமே புரியும் முகவரியாக இருக்கும். வெளியே வந்த பிறகு சொடுக்கினால் எதுவும் திறக்காது. நூற்றுக்கணக்கில் இணைப்புப் போட்டு வலைபோலப் பின்னுபவர்களுக்கு இது பெரிய இழப்பு. பன்னிரண்டு குறிப்பில் ஒரே ஒரு இணைப்பு உடைந்தாலும் அங்கேயே நின்று யோசிக்க வேண்டும்.

எவர்நோட்டின் ஏற்றுமதிக் கோப்பு எழுதிய தேதியையும் குறிச்சொற்களையும் இணைப்புக் கோப்புகளையும் வைத்திருக்கும், எந்த நோட்டுப்புத்தகத்திலிருந்து வந்தது என்பது அதற்குள் பதிவாகாது. அதனால் மொத்தமாக எடுக்காமல் ஒவ்வொரு நோட்டுப்புத்தகமாக எடுத்து, கோப்புக்கு அந்தப் பெயரையே வைக்க வேண்டும். நோஷன் மார்க்டவுனாகத் தரும்போது ஒவ்வொரு கோப்புப் பெயரின் கடைசியிலும் 32 எழுத்து நீளத்துக்கு ஓர் அடையாள எண் ஒட்டிக்கொள்ளும். உள் பக்கம், அதற்குள் உள் பக்கம் என்று போனால் ஒவ்வொரு அடுக்கிலும் அது சேர்ந்து, விண்டோஸில் பாதையின் 260 எழுத்து வரம்பைத் தாண்டி, ஜிப்பை விரிக்கும்போது சில கோப்புகள் வராமலே நின்றுவிடும். வட்டின் வேர் ஃபோல்டருக்குக் கீழேயே ஒற்றை எழுத்துப் பெயரில் ஃபோல்டர் உண்டாக்கி அதில் விரித்தால் பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

நீளமான தமிழ்த் தலைப்புக்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. லினக்ஸ், ஆண்ட்ராய்டு இரண்டிலும் கோப்புப் பெயர் 255 பைட்டுக்கு மேல் போக முடியாது. தமிழ்க் குறியீடு ஒன்றுக்கு 3 பைட் என்பதால் 85 குறியீடு. நம் கண்ணுக்குத் தெரியும் கணக்கில் ஐம்பது சொச்சம் எழுத்து. கூடவே அந்த 32 எழுத்து எண்ணும் ஒட்டினால் இன்னும் குறையும். தலைப்பு அதைத் தாண்டினால் சில செயலிகள் வெட்டிவிடும், சில பிழை காட்டி நிற்கும், சில சொல்லாமல் அந்தக் குறிப்பையே விட்டுவிடும். எக்ஸ்போர்ட் ஆன கோப்புகளை எண்ணிப் பார்த்து, செயலி காட்டும் குறிப்பு எண்ணிக்கையோடு ஒப்பிடுவது இதனால்தான் அவசியம். ஜிப்புக்குள் தமிழ்ப் பெயர்கள் கட்டம் கட்டமாகத் தெரிந்தால் கோப்பு கெட்டுப்போகவில்லை. பெயர்களை யுடிஎஃப்-8 என்று குறிக்காமல் ஜிப் செய்திருக்கிறார்கள். வேறொரு விரிக்கும் மென்பொருளில் திறந்தால் பெரும்பாலும் சரியாக வரும்.

குறிப்புகளை ஆரம்பத்திலிருந்தே சாதாரணக் கோப்பாக வட்டில் வைக்கும் செயலிகளுக்கு இந்தத் தொல்லைகளில் பெரும்பாலானவை இல்லை. மார்க்டவுன் 2004இல் வந்த எளிய எழுத்து முறை. எந்த எடிட்டரிலும் திறக்கும். அப்சிடியன் அப்படித்தான் வைக்கிறது, லாக்சீக்கும் கோப்பு முறையில் வைக்கும்போது அப்படித்தான். அங்கேயும் ஒரு எச்சரிக்கை வேண்டும். ப்ளகின் (கூடுதல் வசதிக்காகச் செயலியில் சேர்க்கும் துணை நிரல்) போட்டு உண்டாக்கிய பட்டியல்கள் கோப்புக்குள் வெறும் கட்டளை வரிகளாகவே இருக்கும். செயலியை விட்டு வந்தால் பட்டியல் போய் கட்டளை மட்டும் நிற்கும். ப்ளகின் எண்ணிக்கையை ஐந்துக்குள் வைத்துக்கொள்வது நல்லது.

பிடிஎஃபாக மட்டும் வெளியே விடும் செயலிக்கு எக்ஸ்போர்ட் இருப்பதாகவே எண்ண வேண்டாம். அதிலிருந்து தமிழை வெட்டி எடுத்தால் கொம்பும் காலும் இடம் மாறி வரும் வாய்ப்பு அதிகம். பேனாவால் எழுதும் டேப்லெட் செயலிகளுக்கு இந்த விதி பொருந்தாது; கையெழுத்துக்குப் பிடிஎஃபைவிட நல்ல வழி இன்னும் வரவில்லை.

எண்ணிப் பார்க்கும் முறை

இப்போது கணக்கு. முப்பது நாள், ஒரு தாளில் இரண்டு பத்தி போட்டுக் கோடு கிழியுங்கள். ஒரு வாரத்துக்கு மேல் பழைய குறிப்பைத் திறந்து, அது உண்மையாகவே பயன்பட்டால் இடது பத்தியில் ஒரு கோடு. தேடி, இருந்தும் கிடைக்காமல் போனாலோ, கிடைக்கத் தாமதமாகி வேறு வழியில் போனாலோ வலது பத்தியில் ஒரு கோடு. அன்றைய கடைப் பட்டியல், நாளைக்குச் செய்ய வேண்டியவை இதில் சேராது. ஃபோனோடு வரும் இலவசச் செயலியோ கூகுள் கீப்போ அவற்றுக்குப் போதும்.

மாதக் கடைசியில் இடதில் 22, வலதில் 9 இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுச் சந்தா 60 டாலர். மாதம் 22 என்றால் ஆண்டுக்கு 264 முறை. ஒரு முறைக்கு 23 சென்ட். மலிவாகத் தெரியும். பெரும்பாலோர் இங்கேயே நிறுத்திவிட்டுச் சந்தாவைக் கட்டிவிடுகிறார்கள். இதுதான் தவறான இடம். இலவசச் செயலியில் அதே குறிப்புகள் இருந்தால் அந்த 22இல் எத்தனை கிடைத்திருக்கும் என்று பார்க்க வேண்டும்.

அதைப் பார்ப்பது கடினமில்லை. எக்ஸ்போர்ட் எடுத்துவிட்டீர்கள். ஜாப்ளின் போன்ற ஓர் இலவசச் செயலியில் அதை இறக்குமதி செய்து, அதே 22 தேடல்களையும் அங்கே ஒருமுறை போட்டுப் பாருங்கள். 18 கிடைத்தால், நீங்கள் 60 டாலர் கொடுப்பது மாதத்துக்கு நான்கு தேடலுக்கு, ஆண்டுக்கு 48 தேடலுக்கு. ஒன்று 1.25 டாலர். அந்த நான்கும் வேலையிடத்தில் ஒரு மணி நேரத்தை மிச்சப்படுத்தியவை என்றால் தாராளமாகக் கட்டலாம். நான்கும் சமையல் குறிப்பைப் படத்திலிருந்து எடுத்தவை என்றால் யோசிக்கலாம். 22உம் கிடைத்தால் முடிவு தெளிவு.

வலது பத்தியின் 9 இன்னும் நிறையச் சொல்லும். அவை ஏன் கிடைக்கவில்லை என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். எழுதவே இல்லையா, வேறு சொல்லில் எழுதினீர்களா, தேடல் கோளாறா, ஃபோனில் நெட் இல்லையா? முதல் இரண்டும் பழக்கத்தின் குறை. எவ்வளவு விலை கொடுத்தாலும் செயலி அதைத் தீர்க்காது. பின் இரண்டும் செயலியின் குறை. அங்கே காசு வேலை செய்யும். ஒன்பதில் ஏழு பழக்கத்தின் பக்கம் விழுந்தால், உயர்ந்த திட்டத்துக்கு மாறினாலும் அந்த ஏழும் அப்படியே இருக்கும்.

வெளியேறும் செலவையும் எழுதிக்கொள்ளுங்கள். 2,000 குறிப்புகளில் 15 சதவீதத்தைக் கையால் சரிசெய்ய வேண்டியிருந்தால் 300 குறிப்பு. ஒன்றுக்கு 2 நிமிடம் என்றால் 10 மணி நேரம். பன்னிரண்டு குறிப்புச் சோதனையில் எத்தனை உடைந்தது என்பதிலிருந்து உங்கள் சதவீதத்தை ஏறக்குறைய ஊகித்துவிடலாம். எழுத எழுத இந்தச் செலவு ஏறும், நிறுவனம் விலையை உயர்த்தும்போது உங்கள் கை அதற்கேற்பத் தளர்ந்திருக்கும்.

மாதச் சந்தா 6, ஆண்டுச் சந்தா 60 என்று இருந்தால் பத்து மாதம் தங்கினால்தான் ஆண்டுச் சந்தா சமமாகும். குறிப்புச் செயலியை ஆசையாகத் தொடங்கி மூன்றாம் மாதம் விட்டுவிடுவது மிகவும் சகஜம் என்பதால், முதல் மூன்று மாதம் மாதச் சந்தாவே சரி. ஆப் ஸ்டோர் வழியாகக் கட்டினால் புதுப்பிக்கும் நேரத்துக்கு 24 மணி நேரம் முன்பாவது ரத்து செய்ய வேண்டும். செயலியை நீக்கினால் சந்தா நிற்காது.

'வாழ்நாள் உரிமம்' என்று ஒரே தடவை காசு வாங்கும் திட்டங்களில் ஒரே ஒரு கேள்வி கேட்க வேண்டும்: சர்வர் யாருடையது? குறிப்புகள் உங்கள் வட்டில் இருந்து, சிங்க்கும் உங்கள் ஏற்பாடு என்றால், நிறுவனத்துக்கு உங்களால் மாதாமாதம் செலவில்லை. அந்த உரிமம் நிலைக்கும். அவர்கள் சர்வரில் இருந்தால் வருமானம் ஒருமுறை, செலவு என்றென்றும். எங்கோ ஓரிடத்தில் இது முட்டும். 2021 நவம்பரில் நோட்டபிலிட்டி என்ற குறிப்புச் செயலி, ஒரே தடவை வாங்கும் முறையை விட்டுச் சந்தாவுக்கு மாறியது. ஏற்கெனவே வாங்கியவர்கள் எதிர்ப்புத் தெரிவித்த பிறகே அவர்கள் வாங்கிய அம்சங்கள் தொடரும் என்று உறுதி கொடுத்தது.

தனியுரிமைக்குக் காசு கொடுப்பது தனிக் கணக்கு. முனைக்கு முனை மறையாக்கம் உள்ள செயலியில் நிறுவனத்தால் உங்கள் குறிப்பைப் படிக்க முடியாது. அதனாலேயே சர்வரில் நடக்கும் படத் தேடல் போன்ற வசதிகள் குறையும், கடவுச்சொல் தொலைந்தால் குறிப்பும் தொலையும். 2016 டிசம்பரில் எவர்நோட், தன் ஊழியர்கள் சிலர் குறிப்புகளைப் பார்க்க இடம் கொடுக்கும் கொள்கை மாற்றத்தை அறிவித்து, எதிர்ப்பு வந்ததும் பின்வாங்கியது. வங்கி விவரமும் மருத்துவ அறிக்கையும் குறிப்புகளில் வைப்பவர்கள், தேடல் கணக்கு எப்படி வந்தாலும், இந்தப் பாதுகாப்புக்குத் தனியாகக் காசு கொடுப்பதில் தவறே இல்லை.

முந்நூறு குறிப்புக்குள், ஒரே ஒரு ஃபோனில் வைத்திருப்பவருக்கு இவ்வளவு சோதனையும் தேவையில்லை; கருவியோடு வந்த செயலியே போதும், மாதம் ஒரு பேக்கப் எடுத்தால் சரி. ஃபோன் ஒரு நிறுவனத்தின் தயாரிப்பு, கணினி இன்னொரு நிறுவனத்தின் தயாரிப்பு என்று வைத்திருப்பவருக்கும், ஸ்கேன் நிறையச் சேர்ப்பவருக்கும் சந்தா கட்ட நியாயம் அதிகம்.

கட்டுவது என்று முடிவானால், புதுப்பிக்கும் தேதிக்கு இருபது நாள் முன்பு காலண்டரில் ஒரு நினைவூட்டல் போடுங்கள். அன்றைக்கு முழு எக்ஸ்போர்ட் எடுத்து, கோப்புகளை எண்ணி, ஏதாவது பத்தைத் திறந்து பாருங்கள். அடுத்த பத்து நாள் மறுபடி அந்த இரண்டு பத்தித் தாள். வெளியேறுவது என்று முடிவானால் பழைய கணக்கை உடனே அழித்துவிட வேண்டாம். சந்தாவை நிறுத்திவிட்டு, கணக்கை இரண்டு மாதம் அப்படியே விட்டு வையுங்கள். புதிய இடத்தில் இருபது குறிப்புகளைக் கண்ணை மூடிக்கொண்டு தேர்ந்தெடுத்து, தேதி, படம், அட்டவணை, இணைப்பு நான்கும் பழையதோடு பொருந்துகிறதா என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். பிடிஎஃப் இணைப்புகளை மட்டும் இருபதோடு விடாமல் எல்லாவற்றையும் திறந்துவிடுங்கள். கோப்பின் பெயர் வந்து, உள்ளே பூஜ்ஜியம் பைட்டாக இருப்பது அங்கேதான்.